செங்கல் தூள் இல்லாமல் திரும்பிய நாள்

எனக்குப் பேச வராது. எழுதவும் அதிகம் தெரியாது. ஜெபக்கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொன்னார்கள். முடியவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் மனைவி செலினுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் படியேறும்போது. பிறகு சும்மா இருக்கும்போதே. கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு அடைக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நான் அலோன் படகுத்துறையில் மூட்டை சுமக்கிறவன். வேலை முடிந்து வந்து, கரண்ட் இல்லாத அறையில் அவளுக்கு விசிறுவேன். விசிறிக்கொண்டே தூங்கிவிடுவேன். மருந்துக்கடைக்காரர் சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. ஜெபித்தேன். பதில் இல்லை. பிறகு ஜெபிக்கவும் அலுப்பாகிவிட்டது.

துறையில் என்னோடு வேலை செய்யும் சூசை அண்ணன்தான் தன்லின் கோயிலைப் பற்றிச் சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெரியவர்கள் சிரியம் என்று சொல்லும் ஊரில், கூரையில்லாமல் நிற்கிற பழைய செங்கல் கோயில். பர்மா ராஜாக்கள் காலத்தில் வெள்ளைக்காரச் சாமியார்கள் கட்டியது. சண்டையில் ஊர் எரிந்தபோது உள்ளே ஓடி ஒளிந்த ஜனங்களை நெருப்பு தொடவில்லை என்று கதை. கூரை எரிந்து விழுந்தும் ஒருவருக்கும் காயமில்லையாம். அந்தச் செங்கல்லைச் சுரண்டித் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் வீக்கம் வடியும் என்பார்கள்.

"ஒரு கரண்டி போதும் தம்பி. எங்க அம்மா குடிச்சுதான் பிழைச்சாங்க," என்றார் அண்ணன்.

செலினிடம் சொன்னேன். "மண்ணு தின்ன நான் என்ன மண்புழுவா?" என்றாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். பிறகு, "சரி, கொண்டாங்க. எதையாவது குடிக்கிறேன்," என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் எதையும் லேசில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. கோயில் சுவரின் உள்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு குழி. ஜனங்கள் சுரண்டிச் சுரண்டி ஆனது. முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என்னால் முடியவில்லை. ஒரு வழி காட்டும்," என்றேன். அவ்வளவுதான் ஜெபம். கத்தியை எடுத்தேன்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

பின்னால் பர்மியப் பேச்சில் ஒரு குரல். பக்கத்தில் ஆடு வளர்க்கும் ஒரு வயதான அம்மா, டோ மியா என்று பெயர். கையில் மூங்கில் குச்சி.

"பெண்சாதிக்கு," என்றேன். வீக்கத்தைச் சொன்னேன், மூச்சைச் சொன்னேன்.

"படுக்க முடியுதா?"

"இல்லை."

குச்சியால் என் கத்தியைத் தட்டிவிட்டார்.

"இந்தக் குழியில பாதி நான் தோண்டினது," என்றார். "என் தங்கச்சிக்கும் இதேதான். மழைக்காலம் பூரா கலக்கிக் கொடுத்தேன். செத்த பிறகுதான் நெஞ்சுல கோளாறுன்னு சொன்னாங்க. கோயில் பாவம், அது என்ன டாக்டரா? இங்க புத்த மடத்துல ஞாயித்துக்கிழமை நெஞ்சு டாக்டர் வர்றாரு. கூட்டிட்டு வா."

"நாங்க கிறிஸ்தவங்கம்மா. மடத்துல பார்ப்பாங்களா?"

"ஏன், உங்க ஆளுங்களுக்கு நெஞ்சு வேற பக்கமா இருக்கு?"

வெறுங்கையோடு திரும்பினேன். பஸ்ஸில் கோபமாக வந்தது. இதையும் பிடுங்கிக்கொண்டீரே என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். பாலம் தாண்டும்போதுதான் உறைத்தது. நான் தூள் கேட்கவில்லை. வழிதான் கேட்டேன்.

ஞாயிறு பூசைக்குப் போகாமல் செலினை அங்கே கொண்டுபோனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கூட்டி வரவே வேண்டியிருக்காது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மருந்தில் நீர் இறங்கியது. கால் வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு வந்து அவள் நீட்டிப் படுத்துத் தூங்கியபோது எனக்குப் பயம். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

"செத்துட்டேனான்னு பாக்குறீங்களா? தூங்க விடுங்க," என்றாள்.

முழுக் குணம் இல்லை. ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு. நானும் மூட்டைதான் சுமக்கிறேன். உடம்பு அலுப்பு போகவில்லை. ஜெபிக்க மட்டும் இப்போது அலுப்பில்லை. ஆண்டவருக்கு நன்றி. டோ மியாவுக்கும் தினம் ஒரு ஜெபம் சொல்கிறோம்.

நம்மில் சிலர் என்னிடம் தூள் கேட்டு வருகிறார்கள். என்னிடம் இல்லை. அந்தக் கோயிலுக்குப் போங்கள், முழங்கால் போடுங்கள், சுவரை விட்டுவிடுங்கள். ஆண்டவர் யார் வாயால் பேசுவார் என்று நமக்குத் தெரியாது. பேசினால் கேளுங்கள். உங்கள் வீட்டில் படுக்க முடியாதவர் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.