என்னிடம் கேட்பதை நிறுத்திய மனுஷன்

என் வீட்டுக்காரருக்குத் தேறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லுக்குட் டவுனில் நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். "பஞ்சாலை, உன் கஷ்டம் தீந்துச்சுலா." நானும் தலையை ஆட்டி வைக்கிறேன். வயிறு எரிகிற எரிச்சல் எனக்கல்லவா தெரியும்? அவர் தேறியதில் எரிச்சல்பட நான் ஒன்றும் பாவி இல்லை. இத்தனை வருஷம் பாடுபட்டவள் நான் இருக்க, தேற்றியது இன்னொருத்தி என்று ஆகிவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் பெயர் அர்ச்சுனன். லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே குலை வெட்டியவர். நெடுமரத்து உச்சிக் குலையை நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் ஒரே இழுப்பில் இறக்கிவிடுவார். திருவிழா என்றால் காவடிக்கு முன்னால் உறுமி அடிப்பார். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். அந்தச் சிரிப்பில்தான் நான் போய் விழுந்தேன்.

கல்யாணமாகிச் சில வருஷத்தில் ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்தில் வெட்டுகிறவர் தன் நம்பரைக் குலைக் காம்பில் எழுதி வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் யார் எவ்வளவு வெட்டினார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கணக்கு எடுப்பார். மற்றவர்கள் காம்பில் இருக்கும் நம்பரெல்லாம் தன்னைப் பற்றிய ரகசியத் தகவல் என்று இவருக்குத் தோன்றத் தொடங்கியது. மண்டோர் தங்கராஜு தன்னைத் தீர்த்துக்கட்ட நாள் குறித்து எழுதுகிறார் என்றார். ஒரு காலையில், பாதையோரம் அடுக்கியிருந்த குலைகளின் காம்பையெல்லாம் சீவி எறிந்துவிட்டார். எந்தக் குலை யாருடையது என்று தெரியாமல் தோட்டமே சண்டையில் கிடந்தது. வேலை போயிற்று. காத்து கருப்பு அடித்திருக்கிறது என்று மாமியார் மந்திரிக்கக் கிளம்பினார். நான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். மனச்சிதைவு என்றார்கள்.

மாத்திரையும் மாதாந்தர ஊசியும் குரல்களை அடக்கின. சந்தேகம் மட்டும் போகவில்லை. அதற்கு மருந்து நான்தான்.

"பஞ்சாலை, மோட்டார் சைக்கிள்ல போனவன் என்னையா பாத்தான்?"

"இல்ல."

"நெசமா?"

"நெசம்."

அதன் பிறகுதான் சோறு இறங்கும். நான் கடையில் இருந்தால் போன் வரும். மிளகாய் நிறுத்துக்கொண்டே "இல்ல" சொல்வேன். சலித்துக்கொள்வேன், திட்டவும் திட்டுவேன். ஆனாலும் இந்த உலகத்தில் அவர் நம்பிய ஒரே வார்த்தை என் வார்த்தை. எந்த ராணிக்கும் அப்படி ஒரு குடிமகன் கிடைத்திருக்க மாட்டான்.

கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையாக வந்து சேர்ந்தாள் விஜிதா. சிரம்பான் டவுன் கிளினிக்கில் புதிதாக வந்த மனநல ஆலோசகர். சிலோன்காரக் குடும்பம், அங்கேயே லோபாக்கில் வீடு, மடிப்புக் கலையாத சட்டை. வாரம் ஒரு நாள் சிந்தனைப் பயிற்சி, ஏழெட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்து. மாத்திரையை நிறுத்தக் கூடாது, அதோடு இதுவும் என்றாள். முதல் நாள் நானும் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய வைத்தியம் என்று நினைத்தால், திரையில் படம் காட்டுகிறாள். அதுவும் முழுசாக இல்லை. முதலில் இரண்டு கோடு, அப்புறம் இன்னும் இரண்டு.

"இது என்ன படம் எண்டு நினைக்கிறியள்?"

"கத்தி," என்றார் என்னவர், முந்திக்கொண்டு.

"எவ்வளவு நிச்சயம்?"

"நூத்துக்கு நூறு."

கோடுகள் கூடக் கூட அது படகாகிவிட்டது. துடுப்புப் போடுகிற ஆளும் வந்தான். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நான் மயங்கி விழுந்த அதே சிரிப்பு. என் அடுப்படியில் எத்தனையோ வருஷமாக எட்டிப் பார்க்காதது, ஏர்கோன் போட்ட அறையில் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"அவசரப்பட்டு முடிவெடுக்கிறது எல்லாருக்கும் உள்ளதுதான்," என்றாள் விஜிதா. "இந்த வருத்தம் இருக்கிறவைக்குக் கொஞ்சம் கூட. முடிவெடுக்க முதல், வேற என்னவா இருக்கலாம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ." நோயை 'வருத்தம்' என்கிற அவள் தமிழ் பாட்டு மாதிரி இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சில வாரம் போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. அவர் கை அப்படியே நின்றது. "இல்ல" என்ற வார்த்தையை வாயில் தயாராக வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "போன் பேச நிறுத்தியிருப்பான். இல்லாட்டி பக்கத்து வீட்ட தேடி வந்திருப்பான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரசம் கேட்டார். ஊற்றினேன். வேறென்ன செய்வது?

அதோடு கேட்பதே நின்றுபோனது. கடையில் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். கெட்டுவிட்டதோ என்று ஒரு தடவை நானே எனக்கு அடித்துப் பார்த்தேன். போன் நன்றாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் அந்த விஜிதா போன் போட்டுப் பாராட்டுகிறாள். குழுவில் இவர் சொன்ன ஒன்று எல்லாருக்கும் பிடித்துப் போனதாம். செம்பனைக் குலையை நிறத்தை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. சிவந்த மாதிரி இருந்து ஏமாற்றிவிடும். மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்த பிறகே அரிவாளைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்க்குலைக்கு அபராதம். "நான் மனுசங்கள உதிரி பாக்காமலே வெட்டிட்டேன்" என்று சொன்னாராம். விஜிதாவுக்குக் குரல் தழுதழுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டினவளிடம் சொல்லாததை அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்.

போதாக்குறைக்கு ரோகினி. அதே குழுவில் வருகிற சின்னப் பெண், சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை. அவள் போன் வந்தால் இவர் வாசலுக்குப் போய்விடுவார். ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"மெதுவா. அவசரப்படாத. நான் இருக்கேன்லா."

நான் இருக்கேன்லா. அது என் வார்த்தை. அவர் நடுங்கிக் கிடந்தபோதெல்லாம் நான் சொன்னது. அதை எடுத்து எவளுக்கோ கொடுக்கிறார்.

"யாரு அவ?" என்றேன், உள்ளே வந்ததும்.

"குரூப்ல இருக்கற பொண்ணு. பயந்துக்கும்."

"பயந்தா உங்களுக்குத்தான் போன் பண்ணணுமா? சிரம்பான்ல வேற ஆம்பளையே இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. "பஞ்சாலை, கீழ உதிரி பாத்தியா?" என்றார்.

கையில் கரண்டி இருந்தது. அதை எறியாமல் விட்டது என் பெருந்தன்மை. "இப்ப நான்தான் நோயாளியா?" என்று கத்திவிட்டு, அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை.

ஞாயிறு காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ரோகினி. நல்லதாக நாலு வார்த்தை கொடுக்கலாம் என்றே எடுத்தேன்.

"அண்ணே, பஸ் ஸ்டாப்ல ரெண்டு பேரு என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. என்னைத்தான் பேசுறாங்க. நெசமா அண்ணே?"

குரல் நடுங்கியது. திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. எனக்குப் பறிபோன கேள்வி இது. என் வீட்டுப் போனில், இன்னொரு வாயிலிருந்து வருகிறது. "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் உடைந்து போவாள். இனி இந்த வீட்டுக்குப் போன் வராது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பொறாமை எதைத்தான் செய்யாது?

"இல்லம்மா," என்றேன். "நான் அண்ணி பேசுறேன். அவங்க உன்னைப் பேசல. பஸ் வர்ற வரைக்கும் போனை வைக்காத."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

அவர் துண்டோடு வந்து நின்றார். "ரோகினியா? என்ன சொன்ன?"

"அவள யாரும் பேசலன்னு சொன்னேன். நிம்மதியா வெச்சா."

"அப்படிச் சொல்லக் கூடாது பஞ்சாலை. கேள்வி கேக்கணும். அது தானா கண்டுபிடிக்கணும்."

"ஓகோ. உங்களுக்கு இத்தன வருஷமா அதைத்தானே சொன்னேன்? அப்ப நான் செஞ்சதெல்லாம் தப்பா?"

அவர் தலையைத் துவட்டி முடித்தார். "தப்பு இல்ல. நீ சொல்லலன்னா நான் என்னைக்கோ செத்திருப்பேன். ஆனா மறுநாளும் உன்கிட்டத்தான் வந்து கேக்க வேண்டியிருந்துச்சு."

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அவர் வந்து கேட்க வேண்டும் என்பதுதானே எனக்கு வேண்டியிருந்தது! அதை எந்த வாயால் சொல்வேன்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். "நீ என்ன நெனைக்கிற?"

தன் நினைப்பு நிஜமா என்று ஆயிரம் தடவை கேட்ட மனுஷன், என் நினைப்பை அதுவரை ஒரு தடவையும் கேட்டதில்லை. நானும் கேட்க விட்டதில்லை.

"பொறாமையா இருக்கு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லு," என்றார்.