சும்மா நிற்கிற மரம்

பிரிஸ்பேனில் எங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் சும்மா நிற்கிறது. சேர்வராயன் மலைக்காரன் கண்ணுக்கு இது உறுத்தும். ஏற்காட்டில் எந்தச் சில்வர் ஓக்கும் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. காப்பிச் செடிக்கு நிழல் தர வேண்டும், மிளகுக் கொடியைச் சுமக்க வேண்டும், இலையை உதிர்த்து மண்ணின் ஈரத்தைக் காக்க வேண்டும். போதாக்குறைக்கு, மழைக்கு முன்னால் ஆள் ஏறிக் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். வெளிச்சம் இறங்கினால்தான் காப்பி காய்க்கும்.

போன அக்டோபரில் மாமனார் வந்தார். ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். மாமியார் போன பிறகு தனியாக இருந்தவரை எங்களோடேயே வைத்துக்கொள்ள என் மனைவிக்கு ஆசை. அவருக்கோ இங்கே பொழுதே நகரவில்லை. வேலியோரம் நின்று அந்த மரத்தை முறைப்பார். "ஏனுங்க மாப்ள, இப்படியா காடாட்டம் வளர உடுவாங்க?" என்பார். ஒருநாள் பக்கத்து வீட்டு ஹெலனிடம் மரத்தைக் காட்டி, வெட்டட்டுமா என்று சைகையில் கேட்டார். மரத்தைப் புகழ்கிறார் என்று நினைத்து ஹெலன் பூரித்துத் தலையாட்டிவிட்டார். மறுநாள் காலை மாமனார் ரம்பத்தோடு ஏணியில் நிற்கிறார்.

ஹெலன் முகம் வெளிறி என்னிடம் ஓடிவந்தார். மொட்டு விட்டிருக்கிறது, வருஷம் முழுக்க இதற்காகத்தான் காத்திருக்கிறேன், தயவுசெய்து இறங்கச் சொல்லுங்கள் என்றார். இறங்கிய மாமனார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. உபகாரம் செய்யப்போய் உபத்திரவமாகிவிட்டதே என்ற வருத்தம்.

அடுத்த வாரம் மரமே மஞ்சள் குளித்ததுபோல் பூத்தது. லாரிகீட் என்கிற பலவண்ணக் கிளிகள் கூட்டமாக வந்து, தேனைக் குடித்துவிட்டுக் குடிகாரர்களைப்போல் சண்டை போட்டன. இது இந்த மண்ணின் மரம், இங்கிருந்துதான் நம் மலைக்கு வந்தது என்று ஹெலன் சொன்னதை மாமனாரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் அண்ணாந்தே நின்றார். கழித்துக் கழித்தே பழகிய நாங்கள் அதன் பூவைக் கவனித்ததே இல்லை.

"சொந்த ஊட்ல இருந்தா இப்படிப் பூக்குமுங்களா?" என்றார். அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். மனைவி அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஊர் போனவர், வாசலில் நிற்கும் ஒரு மரத்தை மட்டும் இந்த வருஷம் வெட்டாமல் விட்டிருக்கிறார். அது பூத்துவிட்டதாகப் போன வாரம் போன் செய்தார். கிளி வந்ததா என்று கேட்டேன்.

"கிளி வரலீங்க மாப்ள. மைனா வந்துச்சு, தேன்சிட்டு வந்துச்சு. சொந்தக்காரங்க வரலீன்னா என்னங்க, அக்கம்பக்கத்துக்காரங்க வந்துட்டாங்க."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு ஹெலன் வந்தார், பள்ளிக்கூடத்திலிருந்து என் மகளைக் கூட்டிக்கொண்டு.