அண்ணனின் உயரம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த அந்த நர்ஸுக்கு ‘டேப் சிஸ்டர்’ என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் பழைய சிநேகிதிகள் போனில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்.

நுரையீரல் வீங்கி, வெண்டிலேட்டர் மாட்டிய நோயாளி வந்தால், தலை முதல் குதிகால் வரை டேப்பால் அளந்துவிட்டுத்தான் மறுவேலை. ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் எவ்வளவு காற்று தள்ளலாம் என்பதை உயரத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆள் பெருத்தாலும் நுரையீரலுக்குத் தொப்பை போடாது என்பாள். கூடுதலாகத் தள்ளினால் புண்பட்ட நுரையீரல் இன்னும் கெடும். சொந்தக்காரர்கள் சொல்லும் உயரத்தை அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு முறை டேப்பை எடுக்கவில்லை. நிமோனியா முற்றி வந்தது அவளுடைய அண்ணன். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர். டாக்டர் உயரம் கேட்டதும், “அஞ்சே முக்கால் அடி” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். மூச்சுக்கு நானூற்று இருபது மில்லி என்று மெஷினை வைத்தார்கள்.

நுரையீரலில் அழுத்தம் கூடுகிறது என்று மெஷினின் அலாரம் மதியம் வரை கத்தித் தீர்த்தது. சளியை உறிஞ்சியாயிற்று, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தாயிற்று. அண்ணன் கைவிட்டுப் போய்விடுவாரோ என்று அவள் கட்டிலை விட்டு நகரவே இல்லை. போர்வையை இழுத்துவிடும்போதுதான் கவனித்தாள், கட்டிலின் கால்மாட்டில் அவ்வளவு இடம் காலி. டேப்பை எடுத்தாள். ஐந்தடி இரண்டு அங்குலம். மறுபடி அளந்தாலும் அதேதான். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த அண்ணன், அவள் மனதில் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டார்.

வெட்கம் பார்க்காமல் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். காற்றை முந்நூற்று முப்பதாகக் குறைத்து, மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அலாரம் அடங்கியது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

அவருக்குக் குரல் திரும்பியதும், உயரத்தைத் தப்பாகச் சொன்ன தன்னால் அவர் உயிரே போயிருக்கும் என்று சொல்லி அழுதாள். அவருக்கு அதெல்லாம் ஏறவே இல்லை.

“எவ்வளவுன்னு சொன்ன?”

“அஞ்சே முக்கால்ண்ணே.”

“உங்க அண்ணிகூட ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “மெஷினுக்குத்தான் சரியாச் சொல்லிட்டேல்ல? உனக்கு நான் அஞ்சே முக்காலாவே இருந்துட்டுப் போறேன்.”

அண்ணன் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அவரை நினைத்தால், அவளுக்குத் தலையை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.