இரண்டாவது அரைமணி

ஹோட்டல் சலவைப் பிரிவில் என் அக்காவுக்கு ‘ஸ்டீம்’ என்று பட்டப்பெயர். ஆவி இஸ்திரி மெஷினில் நிற்பதால் அந்தப் பெயர் என்று மேலாளரிடம் சொல்லி வைத்திருந்தோம். உண்மையான காரணத்தை அவரிடம் சொல்ல எங்களுக்கு என்ன பைத்தியமா? நான் அவளுக்கு எதிரே நின்று படுக்கை விரிப்பு மடிப்பவள். இரண்டு மூலையை அவள் பிடிப்பாள், இரண்டை நான். அவள் இழுக்கிற இழுப்பிலேயே அன்றைய மனநிலை தெரிந்துவிடும்.

சலவைக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும், ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். மேற்பார்வையாளருக்கு நாற்காலி உண்டு. நாளெல்லாம் நின்று நின்று அக்காவின் கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. அந்த வேலை அவளுக்கு வேண்டும், ரொம்பவே வேண்டும்.

வேலை முடிந்ததும் ஹோட்டலிலேயே ஆங்கில வகுப்பு. வரவேற்பில் நிற்கும் பிள்ளைகளோடு நாங்களும் உட்கார்ந்தோம். டீச்சர் ஒவ்வொரு வார்த்தையையும் நடித்தே காட்டுவார். ‘ஃப்ரீஸ்’ என்றால் தண்ணீர் உறைவது, ‘மெல்ட்’ என்றால் வெண்ணெய் உருகுவது. அரைமணி ஆனதும் மேலாளர் கதவருகே வந்து, “சலவை ஆளுங்க கிளம்பலாம்” என்பார். அதே வார்த்தைகளை மனிதர்களைப் பற்றி எப்படிச் சொல்வது என்பது அடுத்த அரைமணியின் பாடம். அது வரவேற்புக்கு மட்டும்.

“எங்களுக்கு ஏன் சார் இல்ல?” என்று அக்கா கேட்டாள்.

“உங்க வேலைக்கு நேர் அர்த்தம் போதும்மா. மத்ததெல்லாம் விருந்தாளிங்ககிட்ட பேசறவங்களுக்கு.”

மறுநாள் அவள் விரிப்பை இழுத்த இழுப்பில் நான் மேஜையில் போய் மோதினேன். “வெண்ணெய்தான் உருகுமாம்டி. நமக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு முடிவு பண்ணிட்டாரு!”

அன்றே எங்கள் வகுப்பை நாங்களே ஆரம்பித்தோம். வார்த்தையைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியது, நாம் அதை வேறு எதற்கெல்லாம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டியது, அவ்வளவுதான். ‘பாயில்’ என்றால் கொதிப்பது. அது அக்காவேதான். ‘ஸ்டிங்’ என்றால் தேள் கொட்டுவது. நாத்தனார் என்று நாலு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். ‘சூ’ என்றால் மெல்லுவது. “எங்க போயிட்டு வர்றேன்னு கேட்டா என் வீட்டுக்காரர் மென்னு முழுங்குவாரே, அது!” என்றாள் அழுக்கு மூட்டை பிரிப்பவள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிப் போனது.

அக்காவின் நேர்காணல் நடந்தபோது மேலாளர் அறையில் திரை மாட்டும் சாக்கில் நானும் இருந்தேன்.

“சூ?” என்றார் அவர்.

“மெல்லுறது சார். அப்புறம், சொல்ல வந்ததைச் சொல்லாம மென்னு முழுங்குறது.”

அவர் சிரித்துவிட்டார். “அது தப்பும்மா. ஒரு விஷயத்தை நிதானமா யோசிக்கிறதைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. இதையெல்லாம் நான் கேக்கவே இல்லையே.”

“ஓ, அசைபோடுறதா? அதுவும் எங்ககிட்ட இருக்கு சார். ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க. இதுக்கா எங்களை வெளிய அனுப்பினீங்க?”

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் பேனாவை மூடிவிட்டு நிதானமாகவே சொன்னார். “வேலை உங்களுக்குத்தான். ஆளுங்க உங்க பேச்சைக் கேக்கறாங்க. அடுத்த வகுப்புல அரைமணி ஆனதும் நீங்களே எழுந்திரிச்சு, மத்தவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிடணும். அதுதான் உங்க முதல் வேலை.”

வீட்டில் அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிற மாமா, தலையில் அடித்துக்கொண்டார். “தேடி வர்றதை எட்டி உதைக்காதடி. தலையை ஆட்டிட்டு உக்காரு. உன் காலைப் பாரு!” அக்கா வெந்நீரில் கால் வைத்திருந்தாள். எனக்கும் மாமா சொல்வதுதான் சரி என்று பட்டது. அந்தக் காலை நானும்தானே தினமும் பார்க்கிறேன்.

அடுத்த வகுப்பில் அரைமணி ஆனது. மேலாளர் கதவருகே வந்து நின்றார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை, அக்காவை மட்டும் பார்த்தார். சலவை மொத்தமும் அவளைத்தான் பார்த்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“அப்போ அந்த வேலை?” என்றார்.

“யாருக்கு வேணுமோ குடுங்க சார். இவங்களைக் கிளப்பிவிட்டுத்தான் நான் உக்காரணும்னா, அந்த நாற்காலி எனக்கு வேண்டாம்.”

நான் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். மூட்டை பிரிப்பவள் ஒரு கொட்டாவி விட்டு இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். ஒருவர்கூட அசையவில்லை. மேலாளர் போய்விட்டார், கதவைச் சாத்தாமலே.

டீச்சர் எங்களையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பலகையில் ‘பர்ன்’ என்று எழுதினார். பழக்கதோஷத்தில் அடுப்பைத் தொட்டதுபோல விரலை உதறி, வாயருகே கொண்டுபோய் ஊதினார்.

அக்கா சட்டைக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இஸ்திரி மெஷின் சுட்ட தழும்புகள், பழையதன் மேல் புதியது.

“அது எங்களுக்குத் தெரியும் டீச்சர்,” என்றாள். “அடுத்த அர்த்தத்தைச் சொல்லுங்க.”