தவமலரின் தாகத்தை நம்பியவர்

செவ்வாய்க்கிழமை காலை, விடுதியில் நோயாளருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்த இராஜி அக்கா, விசுவமடுவில் தன் வீட்டில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். அவரோடு பழகிய உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? தவமலருக்கு நடந்ததை விடுதித் தாதியாகப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதை மட்டும் சொல்கிறேன்.

செட்டிகுளத்துத் தவமலர் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, காயம் ஆறி வீடு போனவர். அதன்பின் நாளுக்கு ஒரு வாளி தண்ணீர் குடித்தார். குடித்த அளவு வெளியேயும் போனது. சோதித்ததில் நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், இல்லை. பயத்தில் வந்த மனப் பழக்கம் என்று அவருடைய அட்டையில் யாரோ எழுதியிருந்தார்கள். எவரும் நம்பாததால், எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது அவர் கதைப்பதையே குறைத்திருந்தார்.

இராஜி அக்கா அவருடைய சிறுநீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு நேரே வைத்தியரிடம் போனார். எல்லோருடைய சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் உப்பு செறிந்திருக்கிறது. மூளையிலிருந்து ஓர் ஓமோன், ஒரு சுரப்புநீர், வந்து நுண்குழாய்களில் வழி திறந்துவிட்டால் தண்ணீர் அந்த உப்பை நாடி உடம்புக்குள் திரும்பும், சிறுநீர் செறிந்து மஞ்சளாகத் தடிக்கும். இவருக்கு அந்த ஓமோன்தான் நின்றுபோயிருக்கும் என்று வாதாடினார்.

"தண்ணியை நிப்பாட்டிப் பாப்பம், டொக்டர். மனப் பழக்கமெண்டால் சிறுநீர் தடிக்கும்தானே."

காலை ஆறு மணிக்குச் சோதனை தொடங்கியது. மணிக்கொருமுறை எடையும் சிறுநீரும் பார்த்தோம். பத்து மணிக்குள் தவமலர் என் கையைப் பிடித்து அழத் தொடங்கினார்.

"ஒரு மிடறு தாங்கோ, மிஸ்ஸி."

மனம் கேட்காமல் நான் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் இராஜி அக்கா வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார். அவருடைய உதடும் காய்ந்திருந்தது.

"நானும் நேற்றுப் படுத்ததிலயிருந்து குடிக்கேல்லை, தங்கச்சி. ரெண்டுபேரும் சேர்ந்து பாப்பம்."

நண்பகலில் இருவருடைய போத்தல்களையும் யன்னலில் வைத்தோம். அக்காவுடையது கடும் மஞ்சள். தவமலருடையது கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு. எடை குறைந்துகொண்டே போனதால் வைத்தியர் சோதனையை நிறுத்தி ஓமோன் ஊசியைப் போட்டார். அதன்பின் எடுத்த சிறுநீரை அளந்துவிட்டு அக்கா ஓடிவந்தார். அவர் ஓடி நான் கண்டது அந்த ஒருமுறைதான். போத்தல் மஞ்சளாக இருந்தது.

"தவமலர், உம்மட சிறுநீரகம் நல்லா இருக்கு. உமக்கு மன வருத்தமுமில்லை."

வைத்தியர் அட்டையில் இருந்த அந்த வரியைத் தன் கையாலேயே வெட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். அந்த ஓமோனையே மருந்தாகக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்த கிழமை, வவுனியாவிலிருந்து செட்டிகுளம் வரை சிறுநீர் கழிக்க இடையில் ஒருமுறைகூட இறங்காமல் பஸ்ஸில் வந்து சேர்ந்ததாகத் தவமலர் தொலைபேசி எடுத்தார். அதை அக்கா ஆய்வுகூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இறுதிக் கிரியைக்குத் தவமலரும் வந்திருந்தார், வயல் வெயிலில் கறுத்து, நல்ல திடமாக. இராஜி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொன்னால், முதலில் நம்பி, பிறகு சோதிப்பது.