அகழோன் என்ற ஆற்றுச்சாமி

எங்கள் சித்தப்பாவுக்கு உலகத்தில் எல்லாமே தமிழ். காலில் போடும் சப்பாத்தும் தமிழ், சிட்னியும் தமிழ். இல்லை என்றால் அடிக்க வருவார். இன்றைக்கும் எந்தப் புதுப்பெயரைக் கேட்டாலும் அவர் குரலிலேயே அதற்கு வேர் தேடுகிறேன். சனியன் பிடித்த பழக்கம், விட முடியவில்லை.

விசா கிடைக்காமல் சிட்னியில், லிட்கமில் எங்கள் பின்னறையில்தான் கிடந்தார். அவருடைய ஊரை ஆமி பிடித்து ராணுவ முகாமாக்கிவிட்டது, அங்கே ஒரு சனமும் இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு அது வெறும் சத்தம்.

ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு கிரேக்க ஆற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு விழுந்தது அகெலோஸ். ஆற்றுக்கும் அதே பெயர், ஆற்றுச்சாமிக்கும் அதே பெயர். சாமிக்கு மாட்டுக்கொம்பு. பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என் புத்தகத்தில் விடை இல்லை. அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் சித்தப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அகழுறது எண்டால் தோண்டுறது. நிலத்தைத் தோண்டிக்கொண்டு ஓடுறவன் அகழோன். கிரேக்கனுக்கு வாய் வரேல்லை, அகெலோஸ் எண்டிட்டான். கொம்பைப் பார், எங்கட ஆள்தான்!”

“தம்பி, பிள்ளையின்ர படிப்போட விளையாடாதையும்,” என்றார் அம்மா.

“பொறுங்கோ அண்ணி, நாளைக்கு டீச்சர் வாயைப் பிளப்பா.”

நம்பினேன். வகுப்பில் அப்படியே சொன்னேன். ஒரு கிரேக்கப் பெடியன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். அந்தப் பெயர் கிரேக்கமாகவே இல்லாமல் இருக்கலாமாம். கிரேக்கருக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் வைத்திருக்கலாமாம். நிச்சயமாக யாருக்கும் தெரியாதாம்.

வீட்டுக்கு வந்து பையை எறிந்தேன். சித்தப்பா புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் பொய்! அது தமிழும் இல்லை, கிரீக்கும் இல்லை. முந்தி இருந்த ஆக்கள் வைச்ச பேராம்.”

“அந்தச் சனம் எங்க போச்சாம்?”

“ஐ டோன்ட் நோ. இப்ப ஒருத்தரும் இல்லை.”

“அவையின்ர பாஷை?”

“அதுவும் போயிட்டுது. பேர் மட்டும்தான் மிச்சம்.”

சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல், பின்வளவில் போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு மார்க் போய்விட்டதே என்று கவலைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். பாவமாக இருந்தது. ஜன்னலால் கத்தினேன்:

“பரவாயில்லை சித்தப்பா, நான் பாஸ்தான்!”