டேரனின் அங்கி

டோரீன் பெட்டிட் தன் வீட்டு மாடியறையில் என்னைக் குடிவைத்த அன்றுதான் கேம்பிரிட்ஜில் எனக்கு முதல் நாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கேட்டார்: "அங்கி வாங்கிட்டியா கண்ணு? இன்னிக்குப் புதுப் பசங்களுக்கு விருந்து. கறுப்பு அங்கி இல்லாம சாப்பாட்டுக் கூடத்து வாசப்படிய மிதிக்க விடமாட்டானுங்க."

எனக்கு அது தெரியாது. எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். களத்துமேட்டில் மூட்டை தூக்கும் என் அப்பா, டவுன் பஸ் கண்டக்டரிடம்கூட "எம்மவன் சீமைக்குப் படிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அப்படி வந்தவன் முதல் விருந்திலேயே வாசலில் நிற்பதா? ஞாயிற்றுக்கிழமை வேறு. கடைகள் சாத்தியாயிற்று.

டோரீன் அலமாரியைத் திறந்து ஓர் அங்கியை எடுத்து உதறினார். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று வந்தது.

"எம்மவன் டேரனோடது. உனக்குக் கொஞ்சம் நீளம். தடுக்கி விழுந்து என் மானத்த வாங்காத."

"அவரும் இங்கதான் படிச்சாரா, ஆன்ட்டி?"

"உன் காலேஜேதான். இந்தத் தெருவுலேர்ந்து போன ஒரே புள்ள." தேநீரைக் கலக்கினார். சர்க்கரை கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார். "இப்ப நியூசிலாந்துல இருக்கான். அதைவிடத் தூரத்துல ஊரு கிடைக்கல போல."

படித்துப் பெரிய ஆளானதும் தாயை உதறிவிட்ட பிள்ளை என்று நானாகக் கதை கட்டிக்கொண்டேன்.

கூடத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம். லத்தீனில் பிரார்த்தனை. எந்தக் கரண்டியை முதலில் தொடுவது என்று எதிரில் இருந்த நீதிபதி மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இடப்பக்கம் ஒரு கை கிண்ணத்தை நீட்டியது. நிமிர்ந்தால், வெள்ளைச் சட்டையில் டோரீன். அங்கே பரிமாறுகிறவர் என்று என்னிடம் சொல்லவே இல்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே முகம். சட்டென்று எழுந்துவிட்டேன்.

"ஆன்ட்டி! நீங்க இங்கயா?"

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "சூப், சார்?"

"நான்தான் ஆன்ட்டி, உங்க வீட்டுல..."

"சூடா இருக்கு, சார். உக்காருங்க."

அடுத்தவனிடம் போய்விட்டார். "யாருப்பா, உங்க அத்தையா?" என்றான் நீதிபதி மகன். மேசையே சிரித்தது.

விருந்து முடிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவரோடு நடந்தேன். மனசு ஆறவில்லை.

"ஏன் என்னைத் தெரியாத மாதிரி பண்ணீங்க?"

"பரிமாறுறவ பேசக் கூடாது."

"பேசினது நான்தானே?"

சைக்கிள் நின்றது. "டேரனும் எழுந்துதான் நின்னான். இதே விருந்து, இதே அங்கி. கூடம் பூரா கேக்குற மாதிரி 'அம்மா'ன்னான். எதிர்ல ஒரு பிரபு வீட்டுப் பையன் உக்காந்திருக்கான். சோறு போடுறவ மவன்னு தெரிஞ்சா படிச்சு முடிக்கிற வரைக்கும் வச்சு ஓட்டுவானுங்களேன்னு பயந்துட்டேன். 'சூப், சார்?'னு கேட்டேன்."

"அவர் என்ன பண்ணினார்?"

"சூப்பக் குடிச்சான். வேற என்ன பண்ணுவான்? சைக்கிள் மிதிக்கிற தூரத்துல அத்தனை வருசம் இருந்தான், வீட்டுப் பக்கம் வரல. பட்டம் வாங்குன அன்னிக்கு இந்த அங்கிய ஒரு பிளாஸ்டிக் பையில சுருட்டி வாட்ச்மேன்கிட்ட குடுத்திருக்கான். 'பரிமாறுற அம்மாகிட்ட சேத்துடுங்க'ன்னானாம்."

"'உன் நல்லதுக்குத்தான்'னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அத எந்தப் புள்ளடா காது குடுத்துக் கேட்டிருக்கு?" என்று சைக்கிளை உருட்டினார்.

நான் பட்டம் வாங்கியபோது அப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை. அவருக்கான அழைப்புச் சீட்டை டோரீனிடம் நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு கண்ணு."

வேலை இருந்தது. புல்வெளியில் ஒயின் தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் தாண்டி முதலில் என்னிடம்தான் வந்தார். என் தோளில் கிடந்த டேரனின் அங்கியை ஒரு நொடி பார்த்தார்.

"வாழ்த்துகள், சார்."

தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து நானும் குடித்தேன்.